யெஸ் குழுவின் இரட்டை இசைத்தட்டு: பக்கம் பக்கமாகக் கேட்டுப் பாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பில் கிள்ளான் வாசகர் ஒருவர், இங்கிலாந்தின் யெஸ் குழு 1973இல் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டைப் பற்றி எழுதியிருந்தார். தமிழ்ப் பத்திரிகையில் புரோகிரசிவ் ராக் என்ற நீளமான, சிக்கலான ராக் இசையைப் பற்றி ஒரு வரி வந்தாலே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் சொன்ன இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நம் சாஸ்திரங்களை வெள்ளைக்காரர்கள் எடுத்து வியாபாரம் பண்ணிவிட்டார்கள் என்கிறார். எண்பது நிமிடத்துக்கு இழுத்த அந்தத் தட்டை அந்தக் குழுவின் ரசிகர்களே தொடுவதில்லை என்றும் சொல்கிறார். சுங்கை சிப்புட்டில் நாங்கள் தொடுகிறோம், கேட்கிறோம், அதற்காகச் சண்டையும் போடுகிறோம்.

நான் இங்கே கடைத்தெருவில் ரேடியோ, ஆம்பிளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி என்று எதற்கும் மைக் செட் கொடுப்பேன். அப்பாவும் அம்மாவும் எல்பில் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள். இப்போது அந்தப் பக்கமெல்லாம் பார்த்தால் பாமாயில் தரும் செம்பனைதான் அதிகம் கண்ணில் படுகிறது. லயத்து வீடுகளில் இருந்தவர்கள் டவுனுக்கு வந்துவிட்டார்கள். சனிக்கிழமை கடையை இறக்கிய பிறகு, உள்ளே உள்ள பழைய டர்ன்டேபிளைச் சுற்றி எங்கள் கூட்டம் உட்காரும். தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், செம்பனைக் குலை ஏற்றும் லோரித் தம்பி, அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருக்கும் தங்கச்சி, தமிழ்ப்பள்ளி டீச்சரம்மா, உருமி மேளக் குழுவில் வாசிக்கும் பையன். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். டீ பக்கத்துக் கடையிலிருந்து வரும். தட்டு கிராணி ஐயாவுடையது. 1974இல் ஈப்போவில் புதுசாக வாங்கியது.

அந்தத் தட்டு எப்படிப் பிறந்தது என்பது தெரியாமல் சாஸ்திரம் பற்றிய வழக்கைப் பேச முடியாது. யெஸ் குழுவை விட்டுப் போயிருந்த டிரம்ஸ்காரர் பில் புரூஃபோர்டுக்கு 1973 மார்ச்சில் கல்யாண விருந்து நடந்தது. அங்கே கிங் கிரிம்சன் குழுவின் தாளக்காரர் ஜேமி மியூரிடம் யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சன் பேசிக்கொண்டிருந்தார். பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலை ஆண்டர்சனுக்குக் காட்டியவர் மியூர்தான். அந்த மாதமே ஜப்பான் போன குழு டோக்கியோவில் தங்கியிருந்தபோது, ஆண்டர்சன் கண்ணில் அந்தப் புத்தகத்தின் 83ஆம் பக்கத்தில் இருந்த ஓர் அடிக்குறிப்பு பட்டது. சாஸ்திரங்கள் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்கு வகை, சமயம், சமூக வாழ்க்கை, சட்டம், மருத்துவம், கட்டடக்கலை, கலை எல்லாம் அவற்றில் அடக்கம் என்று சொல்லும் குறிப்பு அது. நான்கு வகை, நான்கு பக்கம். கிட்டார்காரர் ஸ்டீவ் ஹௌவும் அவரும் அமெரிக்கப் பயணத்தில் சவன்னா நகரில் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து நான்குக்கும் அடித்தளம் போட்டார்கள். அந்த அடிக்குறிப்பைப் பற்றியும் சவன்னா இரவைப் பற்றியும் ஆண்டர்சனே தட்டின் உறையில் எழுதி வைத்திருக்கிறார். எதையும் மறைக்கவில்லை.

எங்கள் டீச்சரம்மா வீட்டில் அந்தப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து அடிக்குறிப்பைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினார். கூட்டத்தில் இரண்டு கட்சி கிளம்பிவிட்டது. டீச்சரம்மாவுக்கும் கிராணி ஐயாவுக்கும் ஒரே பெருமை. 'நம்ம சாஸ்திரம் லண்டன் வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்' என்றார்கள். லோரித் தம்பி கிள்ளான் வாசகர் கட்சி. 'ஒரு அடிக்குறிப்பைப் படித்துவிட்டு இரண்டு தட்டு போட்டுவிட்டான், வேதத்தை யாரிடம் படித்தான்?' என்று கேட்டான்.

நான் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. ஆண்டர்சன் வேதம் சொல்லிக்கொடுக்க வரவில்லை. தட்டில் ஒரு வேத மந்திரம்கூடக் கிடையாது. ரோஜர் டீன் வரைந்த உறையைப் பாருங்கள். வறண்ட நிலத்துக்கு மேலே மீன்கள் நீந்துகின்றன, பின்னால் மத்திய அமெரிக்க மாயர்களின் படிக்கோபுரம் நிற்கிறது. நம் சாமி படம் ஒன்றை வைத்து விற்றிருந்தால் கிள்ளான் வாசகரோடு சேர்ந்து நானும் கோபப்பட்டிருப்பேன். வீடு கட்டுவதற்கு நான்கு அறை இருக்கிற வரைபடம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது, அது யோகானந்தரிடம் கிடைத்தது. அதற்குள் அவர் வைத்தது அவருடைய சாமான். ஆகவே பெருமைப்படுவதற்கும் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, புண்படுவதற்கும் இல்லை. தட்டைத் தட்டாகக் கேட்க வேண்டும். அதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

அடுத்து நீளம். இங்கே என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்தை ஒட்டிப் பதித்தால் சத்தம் கனமாக, தெளிவாக இருக்கும். நேரம் கூடக் கூடப் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும், அதற்காக ஒலியளவைக் குறைக்க வேண்டும். இந்தத் தட்டின் நான்கு பாடல்களும் 18 நிமிடத்துக்கும் 22 நிமிடத்துக்கும் இடையில் நிற்கின்றன. பக்கத்துக்கு ஒரு பாட்டு. பாட்டு முடிந்தால் ஊசி தானாக நடுவுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். எழுந்து போய் ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பி, தூசி துடைத்து, மறுபடி வைக்க வேண்டும். இந்த இசை அந்த இடைவெளியை நம்பிச் செய்யப்பட்டது.

கிராணி ஐயா தோட்டத்தில் இருந்த காலத்தில் ஸ்டாஃப் வீடுகளுக்கு ஜெனரேட்டர் கரண்ட்தான். இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அவர் கணக்கு முடித்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படுக்க வைத்துத் தட்டைப் போடும்போது ஒரு பக்கத்துக்குத்தான் நேரம் இருக்குமாம். ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கம். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும்போது அந்தப் பக்கம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்பார். அவருக்கு இந்தத் தட்டு ஒருநாளும் நீளமாகத் தெரிந்ததில்லை. லோரித் தம்பி முதலில் கேட்டது போனில். குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற வழியில், எண்பது நிமிடமும் ஒரே மூச்சில், டீசல் எஞ்சின் சத்தத்துக்கு மேலே. இட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று அவன் சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரே தட்டு, கேட்ட விதம் வேறு. தீர்ப்பும் வேறு.

'ரசிகர்களுக்கே பிடிக்காது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்தக் குழுவுக்குள்ளேயே போக வேண்டியிருக்கிறது. தட்டு வெளிவருமுன்னே இங்கிலாந்தில் முன்பதிவிலேயே விற்பனைக்கான கோல்ட் தகுதி பெற்றது. அங்கே விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது, அமெரிக்காவில் ஆறாவது இடம். இதற்கு முந்திய ஸ்டூடியோத் தட்டான 'க்ளோஸ் டு தி எட்ஜ்'இல் மொத்தம் மூன்றே பாட்டு, அதைப் பலரும் கொண்டாடினார்கள். ஆனால் இந்த இரட்டைத் தட்டைக் குறை சொன்னவர்களில் முன்னால் நின்றவர் அதில் கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன். ஒரு தட்டுக்கு அதிகமான சரக்கு, இரண்டு தட்டுக்குப் போதாத சரக்கு, அதனால் இழுத்து நிரப்பினோம் என்ற கருத்தில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். லண்டன் மோர்கன் ஸ்டூடியோவில் பதிவு நடந்த நாட்களில் அவர் நிறைய நேரம் அங்கே இருந்த பாரில்தான் இருந்தாராம். அதே ஸ்டூடியோவில் பதிவு செய்துகொண்டிருந்த பிளாக் சாபத் குழுவுக்கு ஒரு பாட்டில் கீபோர்டும் வாசித்துக் கொடுத்தார். மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் இந்தத் தட்டை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் தனக்கு வேலையில்லாத இடத்தில் கறிச் சாப்பாடு வரவழைத்து கீபோர்டு மேலேயே வைத்துச் சாப்பிட்ட கதையை அவரே சொல்லியிருக்கிறார். 1974இல் குழுவை விட்டும் போய்விட்டார், பிறகு 1977இல் வந்த தட்டுக்குத் திரும்பி வந்தார்.

இந்தக் கறிக் கதையைக் கேட்டால் எங்கள் தாதித் தங்கச்சி கைதட்டுவாள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று காட்டினார், அது நேர்மை என்பாள். கிராணி ஐயாவுக்கு முகம் சிவந்துவிடும். மேடை ஏறினால் மேடைக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பார். நான் கிராணி ஐயா பக்கம். கோயில் மேடையில் மைக் பிடித்து நிற்பவனுக்கு அந்த இடத்தில் என்ன தோன்றுகிறது என்பது முக்கியமில்லை, கீழே உட்கார்ந்திருப்பவர்கள் காசு கொடுத்து, நேரம் கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் வேக்மன் வாசித்ததைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பக்கத்தில் கடைசி சில நிமிடங்களுக்கு முன்னால் அவருடைய சிந்தசைசர் தனியாக எழும்பும் இடம் இருக்கிறதே, அதற்காகவே அந்தப் பக்கத்தை வைக்கலாம். தட்டைப் பிடிக்காதவர்கள்கூட அந்த இடத்தில் பேச்சை நிறுத்துவதை என் கடையில் பார்த்திருக்கிறேன். மனசில்லாமல் வேலை செய்தவர் கையிலிருந்து அப்படி ஒன்று வந்திருக்கிறது.

ஆண்டர்சனுடைய ஆசைகளையும் சொல்ல வேண்டும். காட்டுக்குள் கூடாரம் போட்டு ராத்திரியில் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டாராம். மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் மோர்கன் ஸ்டூடியோவுக்குள்ளேயே வைக்கோல் கட்டுகளையும் அட்டையில் செய்த மாடுகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். குளியலறையில் பாடும்போது தன் குரல் நன்றாக இருக்கிறது என்று ஆண்டர்சன் சொன்னதால், ஸ்டூடியோவுக்குள் டைல்ஸ் ஒட்டிய தடுப்பு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் அதிகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைல்ஸ் சுவர் போட்ட கோயில் மண்டபத்தில் தேவாரம் பாடுகிறவருக்கு மைக் வைத்துப் பார்த்தவன் நான். குரல் சுவரில் மோதித் திரும்பி வரும்போது பாடுகிறவருக்குத் தைரியம் வரும், இன்னும் கொஞ்சம் மேலே போவார். அதே எதிரொலி ஸ்பீக்கரில் போனால் வார்த்தை குழம்பிவிடும், நாம்தான் பார்த்துக் குறைக்க வேண்டும். ஒரு பாடகர் தன் குரலுக்கு ஏற்ற அறையைக் கேட்டால் அது கிறுக்கு இல்லை, தொழில்.

சரி, பக்கங்களுக்கு வருகிறேன். முதல் பக்கம் மந்திரம் ஓதுவதுபோலத் தொடங்கும், ஒரே தாளத்தில் வார்த்தைகள் அடுக்கி வரும், பிறகு மொத்தக் குழுவும் உள்ளே இறங்கும். 2003இல் வந்த பதிப்பில் அந்தத் தொடக்கத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் போல ஓர் இசைப் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள், முதலில் வெட்டி எறிந்தது. லோரித் தம்பிக்கு அது பிடிக்கும், கிராணி ஐயா அது வேண்டாம் என்பார். திடீரென்று குரல் வருகிறதில் இருக்கிற அதிர்ச்சி போய்விடுகிறது என்பது அவர் கட்சி. இதில் அவர் சொல்வதுதான் சரி.

இரண்டாம் பக்கம்தான் எங்கள் கூட்டத்தில் நெருப்பு. வேக்மனின் கீபோர்டுகள் மெத்தையாக விரிந்து கிடக்கும் பக்கம் அது. அழகான இடங்கள் இருக்கின்றன, ஆனால் நடுவில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது என் எண்ணம். கிராணி ஐயாவுக்கு நான்கில் அதுதான் உயிர். 'நினைவு அப்படித்தான் தம்பி வரும், வந்த இடத்துக்கே வரும்' என்பார். ஒருமுறை பாதியில் நான் ஊசியைத் தூக்கிவிட்டேன் என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். மறுவாரம் வந்தார், அந்தப் பக்கத்தை முழுசாகப் போட்டோம். என் எண்ணம் மாறவில்லை. அந்தக் குழுவே 2016இல் அமெரிக்கப் பயணத்தில் முதல் பக்கத்தையும் நான்காம் பக்கத்தையும், மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பகுதியையும் மட்டும் எடுத்து வாசித்தது. இரண்டாம் பக்கத்தைத் தொடவில்லை. இதை நான் எடுத்துச் சொன்னால் ஐயா, 'அந்தக் கூட்டத்தில் ஆண்டர்சனும் இல்லை, வேக்மனும் இல்லை, பேஸ் கிட்டார்காரர் ஸ்குவயர் செத்தே போய்விட்டார், அவர்கள் எப்படி அதை வாசிப்பார்கள்?' என்று திருப்பிக் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

மூன்றாம் பக்கம் முரட்டுத்தனமானது. சூரியனைப் பல மொழிகளில் கூப்பிட்டுக்கொண்டு, தாளம் முட்டி மோதிக்கொண்டு, ஹௌவின் ஸ்டீல் கிட்டார் கத்திக்கொண்டு போகும். புதிதாகக் கேட்பவர்கள் ஓடிப்போவது இந்த இடத்தில்தான். அப்புறம் எல்லாம் அடங்கி, ஹௌ நைலான் தந்திக் கிட்டாரில் தனியாக வாசிப்பார், அதன் மேலே ஆண்டர்சன் பாட வருவார். தாதித் தங்கச்சிக்கு மொத்தத் தட்டிலும் இந்த ஒரு பகுதி போதும். இரவு வேலை முடிந்து வந்தால் இதை மட்டும் போனில் கேட்டுவிட்டுப் படுப்பாளாம். அவளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த முரட்டுப் பகுதியைக் கடந்து வந்து கேட்டால் அந்தக் கிட்டார் மனசில் இன்னும் ஆழமாக இறங்கும். இதிலும் தட்டுச் சமாச்சாரம் ஒன்று உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் நடுவை நெருங்க நெருங்க வட்டம் சிறிதாகிறது, ஒரு விநாடிக்கு ஊசி கடக்கும் தூரம் குறைகிறது. கூர்மையான உச்சச் சத்தங்கள் அடிபடுவது அங்கேதான். இந்தக் கிட்டார் பகுதி விழுவதும் அங்கேதான். தேய்ந்த ஊசியில் கேட்டவர்கள் அதைக் கரகரப்போடு கேட்டிருப்பார்கள். ஊசியை மாற்றிவிட்டுக் கேளுங்கள், விரல் நழுவித் தந்தியில் உரசுவதுகூடக் கேட்கும். எல்பி இல்லாதவர்கள் 2016இல் ஸ்டீவன் வில்சன் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்த பதிப்பைத் தேடலாம். அதில் தாளமும் பேஸும் பிரிந்து நன்றாக நிற்கின்றன.

நான்காம் பக்கத்தில் கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிட்டார் தனியாகப் பேசும். அதற்கப்புறம் ஒரு தாள மழை வரும். டிரம்ஸ் ஆலன் வைட், யெஸ் குழுவில் அவருக்கு இதுதான் முதல் ஸ்டூடியோத் தட்டு. மேடையில் இந்த இடம் வரும்போது ஆண்டர்சனும் ஸ்குவயரும்கூடத் தங்கள் வேலையை விட்டுவிட்டுத் தாள வாத்தியங்களுக்குப் போய்விடுவார்கள்.

உருமிப் பையன் முதல்முறை இதைக் கேட்டபோது நான் தட்டைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை விளிம்பில் இடது கை விரல்கள் ஒட்டிக்கொண்டு தேய்த்தன, உருமியில் வளைகுச்சி தேய்க்கிற மாதிரி. வலது கை அடித்தது. கொஞ்ச நேரம் ஆலன் வைட்டோடு சேர்ந்து போனான். பிறகு கையை எடுத்துவிட்டான். 'அண்ணே, இவங்க யாரைப் பார்த்து அடிக்கிறாங்க?' என்று கேட்டான். எனக்கு விளங்கவில்லை. அவனே சொன்னான். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் காவடிக்கு அடிக்கும்போது அவன் கண் காவடி எடுப்பவர் காலில்தான் இருக்குமாம். அவர் கால் தளர்ந்தால் வேகம் குறைப்பான், அருள் ஏறினால் ஏற்றுவான். எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்தக் காலே சொல்லிவிடும். 'இதில் ஆடுறவங்க இல்லை. அதனால எங்கே நிறுத்துறதுன்னு தெரியாம அடிக்கிறாங்க' என்றான்.

இந்தத் தட்டைப் பற்றி ஆங்கிலத்தில் நான் படித்த விமர்சனங்கள் எதிலும் இப்படி ஒரு வார்த்தை கிடையாது. நீளம், ஆடம்பரம், தலைக்கனம் என்று பொதுவாகத் திட்டுவார்கள். இவன் எந்த இடத்தில், எதனால் அளவு தப்புகிறது என்று காட்டிவிட்டான். நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மழைக்குப் பிறகு கிட்டார் மட்டும் மெல்ல வந்து, ஆண்டர்சன் தாழ்ந்த குரலில் பாடும்போது, அவ்வளவு நேரம் அடித்ததற்குக் காரணம் தெரிகிறது. காதுக்கு ஓய்வு வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்கிவிட்டுத்தான் அந்த ஓய்வைத் தருகிறார்கள். இதை நான் சொன்னேன். 'அப்படின்னா பாதி நேரம் அடிச்சாலே போதுமே' என்றான். இன்றுவரை அந்த வழக்கு முடியவில்லை. ஆனால் அவன் நான்காம் பக்கத்தை விட்டதில்லை. அவர்கள் குழு பயிற்சி எடுக்கும் இடத்தில் அந்தத் தாளத்தில் ஒரு துண்டை எடுத்து உருமியில் வாசித்துப் பார்க்கிறார்கள், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டு.

நாதஸ்வரக் கச்சேரியில் ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தார் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விடிய விடியக் கூத்து பார்த்த தோட்டத்து ஜனம். இருபது நிமிடம் ஒரு பாட்டு என்றதும் நமக்கு ஏன் கை கால் நடுங்க வேண்டும்? நீளம் என்பதை ஆங்கில விமர்சகர்கள் ஒரு குற்றமாகச் சொன்னதை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு பேசுகிறோம். கிள்ளான் வாசகர் கடிதத்தில் எனக்கு உறுத்தியது இதுதான். நம் காதுக்கு வேறு பழக்கம் இருக்கிறது, அந்தக் காதால் கேட்டுவிட்டு, பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். உருமிப் பையன் அப்படித்தான் சொன்னான், அதை நான் மதிக்கிறேன்.

லோரித் தம்பியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் போனில் நான்கு பக்கத்திலிருந்தும் தனக்குப் பிடித்ததை வெட்டி எடுத்து ஒரு தட்டு நீளத்துக்கு ஒட்டி வைத்திருக்கிறான். வேக்மன் சொன்ன வழியில் செய்து பார்த்தேன் அண்ணே என்று போட்டுக் காட்டினான். கேட்க நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தின் கிட்டார், முன்னால் வரும் இரைச்சல் இல்லாமல், வெறும் அழகான கிட்டாராக வந்து போனது. நான்காம் பக்கத்து அமைதி சாதாரண மெதுவான பாட்டாகிவிட்டது. அவனே இரண்டாவது முறை போடும்போது முகத்தைச் சுளித்தான். இப்போது ஆலை வரிசையில் லோரியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கேட்கிறானாம். ஒரு நாளைக்கு ஒன்று. இன்னும் இரண்டாம் பக்கத்தைத் திட்டுகிறான், அதில் நானும் அவனும் ஒரே கட்சி.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு பதிப்பில் சினிமாப் பாட்டுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறீர்களோ, அதில் கால் பங்கு இப்படிப்பட்ட இசைக்கும் கொடுங்கள். ஜெனிசிஸ் குழு 1974இல் போட்ட இரட்டைத் தட்டைப் பற்றியும், பிங்க் ஃபிளாய்டின் 1979ஆம் ஆண்டு 'தி வால்' பற்றியும் எங்கள் கூட்டத்தில் பேச ஆள் இருக்கிறார்கள். மற்ற ஊர்களிலும் இருப்பார்கள், எழுத இடம்தான் இல்லை. கிள்ளான் வாசகருக்கும் சொல்கிறேன்: சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வாருங்கள். எந்தப் பக்கம் வேண்டுமோ அதைப் போடுகிறேன். உங்கள் கோபத்தை உருமிப் பையனிடமும் கிராணி ஐயாவிடமும் நேரில் சொல்லுங்கள்.

கிராணி ஐயா இரண்டாம் பக்கத்துக்காகத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டியதும் ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரம் தபாலில் வரும், கையெழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கும். சுருக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ கடைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்.